தட்டடவும் கொரியக் கசெற்றும்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மார்ச் மாதம். மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மூன்று வாரங்களே இருந்தன. அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் பட்டமும் அச்சாகியிருந்தது. அதைக் கொடுக்கப் போன மார்க்கம் நகரத்து வீட்டில், வீட்டுக்காரரான எங்கள் ஊரவர் சபையில் வைத்துக் கேட்டார்:

“அண்ணை, அரங்கேற்றம் எந்தப் பாசையிலை? உங்கட மகள் பள்ளிக்கூட மேடையிலை சீனப் பாட்டுக்குக் குதிச்சவவாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

ஸ்காபரோவில், எங்கள் வீட்டின் பேஸ்மென்டில், மகள் நடனம் பழகும் தரையில் வெறுங்காலுடன் நின்றாள். அருகே அவளுடைய வகுப்புத் தோழி, கொரியப் பெண். தொலைக்காட்சியில் ஐந்து இளைஞர்கள், தலைமயிருக்குச் சாயம் பூசியவர்கள், ஒரே உடலைப்போல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“உந்தச் சீனக் கூத்தை நிப்பாட்டு!”

“சீனம் இல்லையப்பா, கொரியன். இவள் இஞ்ச பிறந்தவள், கொரியன் கதைக்க வெக்கப்பட்டவள். இந்தப் பாட்டுகளாலைதான் இப்ப தாயோடை கதைக்கிறாள். தமிழிலை நீங்கள் எனக்கு என்ன தந்தனீங்கள்? உங்கட பேர் போட்ட அரங்கேற்றக் கார்ட் மட்டுந்தான்.”

அறைந்தேன். இரண்டாவது அறையில் அவளுடைய உதடு கிழிந்தது. குறுக்கே வந்த தோழியைத் தள்ளினேன், சுவரில் மோதினாள். வீடியோக் கசெற்றை உருவி, தாளம் போடும் தட்டுக்கழியால் அடித்து நொறுக்கினேன். கறுப்புத் துண்டுகள் தரையெங்கும் சிதறின.

மகள் அழவில்லை. அரைமண்டியில் அமர்ந்தாள். “தையா தை” என்று வாயால் சொல்லியபடி, என்னிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்தத் துண்டுகளின்மேல் தட்டடவு மிதித்தாள். முதலாம் காலம். இரண்டாம் காலம், இருமடங்கு வேகம். மூன்றாம் காலத்தில் தரை இரத்தத்தில் வழுக்கியது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேனேயன்றி, அவளிடம் போகவில்லை. தோழிதான் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள்.

இரண்டு பாதங்களிலும் தையல் போட்டார்கள். அரங்கேற்றம் நின்றது. வீடு வீடாக நானே தொலைபேசியில் அறிவித்தேன்: “பிள்ளை ஐஸிலை சறுக்கி விழுந்திட்டா.” கட்டுப்போட்ட கால்களுடன் சோபாவில் இருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டாள். மார்க்கம் வீட்டுக்கு எடுத்தபோது மட்டும் கையை நீட்டினாள்.

“தாங்கோ, நான் சொல்லுறன்.”

கொடுக்கவில்லை. மறுமுனையில் அந்த ஊரவர், “கவனம் அண்ணை, இந்த நாட்டு ஐஸ் பொல்லாதது” என்றார்.

“ஓம்” என்றேன்.

அதன்பின் என் கண்முன் அவள் எந்தப் பாட்டுக்கும் ஆடியதில்லை.