மிஷன் அரிசி

'வெளிநாட்டில் பணிபுரியும் நம் ஊழியர் கடும் நோயுற்றால், தலைமையகத்தின் அனுமதிக்குக் காத்திராமல் சபைக் கமிட்டியே அவரை ஊருக்கு வரவழைக்கலாம்.' எங்கள் மிஷன் சங்கத்தின் இந்த விதி எனக்கு இன்னும் மனப்பாடம். இன்று காலை உலை வைக்கும்போது மருமகள் மிஷனுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தகர டப்பாவில் போட்டாள். பழையதெல்லாம் நினைவுக்கு வர அந்தச் சத்தம் போதுமாயிருந்தது.

பாளையங்கோட்டை வீட்டில் அம்மாவும் அப்படித்தான் போடுவாள். ஊரெல்லாம் போட்ட அந்த அரிசியை விற்ற காசில்தான் என் அக்கா கிருபா ஆப்பிரிக்காவில் நர்சாக ஊழியம் செய்தாள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் அவள் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். கமிட்டிச் செயலரான அப்பா அப்போது சற்று நிமிர்ந்து உட்காருவார்.

அக்காவுக்குக் காய்ச்சல் விடவே இல்லை என்று ஒருநாள் தகவல் வந்தது.

"பிள்ளையக் கூப்பிடுங்க. விதி இருக்குன்னு நீங்கதான சொல்லுதிய?" என்றாள் அம்மா.

"அடுத்த வீட்டுப் பொண்ணுன்னா இன்னைக்கே தந்தி அடிச்சிருவேன். எம் மகளுக்குச் செஞ்சா ஊரு என்ன சொல்லும்? மேல எழுதிக் கேட்டிருக்கேன், பொறு."

"ஊரு மெச்சவா பிள்ள பெத்தேன்?"

அந்த ஞாயிறு சபையார் உருக்கமாக ஜெபித்தார்கள். அதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

அக்காவை அங்கேயே அடக்கம் செய்தார்கள். தந்தி வந்த மறுநாளும் அம்மாவின் கை பழக்கத்தில் டப்பாவுக்குப் போனது. பிடியைத் திறக்காமல் வெகுநேரம் நின்றாள்.

கிருபாவை ஊருக்கு அழைத்துக்கொள்ளத் தடையில்லை என்ற தலைமையகத்தின் பதில் வந்து சேர்ந்தது, அவளுக்கு நினைவு ஆராதனை நடந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை.