பிரிற்றி றிவர் பள்ளத்தாக்கில் பதினேழு கிலோமீற்றர்

மாசி மாதத்துச் சனிக்கிழமை, அதிகாலை 5.40. ரொறொன்ரோவின் வடகிழக்கு ஓரத்து மில்லிக்கனில், வீட்டு வாசலில் காரை எடுத்தபோது குளிர் மைனஸ் பதினொன்று. நகரின் மேற்கு ஓரத்து ரெக்ஸ்டேலில் இருந்து சுகந்தி தன் காரில் வந்துகொண்டிருந்தாள். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்பவள். ஐந்து வருடமாக வார இறுதிகளில் சேர்ந்து நடக்கிறோம்.

கொலிங்வுட்டுக்குத் தெற்கே உள்ள மலைகள் ரொறொன்ரோவில் இருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். மிக உயர்ந்த இடமே 1,770 அடிதான். ஆனால் குளிர்காலத்தில் ஜோர்ஜியன் குடாவில் இருந்து எழும் காற்று அங்கேதான் வந்து மோதும். சிங்ஹாம்டனில் தொடங்கி பிரிற்றி றிவர் பள்ளத்தாக்கில் முடிக்கத் திட்டம். எங்கள் கணக்கில் பதினேழு கிலோமீற்றர். என் காரை முடிவில் விட்டுவிட்டுச் சுகந்தியின் காரில் தொடக்கத்துக்குப் போனோம். பனியில் புதையாமல் நடக்கச் சப்பாத்தில் கட்டும் ஸ்னோஷூ, வாடகைக்குச் சோடி 25 டொலர்.

8.40க்கு நடக்கத் தொடங்கினோம். முழங்கால் அளவு பனி, மேலே நல்ல வெயில். இதே பாதையில் இரண்டு முறை பாதியில் திரும்பியிருக்கிறோம். இந்த முறை முடித்தே தீருவது என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். சுகந்தியிடம் சொல்லவில்லை.

12.10. ஏழாவது கிலோமீற்றரில் ஓர் ஓடை. மேலே மூடியிருந்த பனி இடிந்து சுகந்தியின் இடது கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போனது. இழுத்து எடுத்தேன். என்னிடமிருந்த மாற்றுக் காலுறையைப் போட்டாள். சப்பாத்துக்கு மாற்று இல்லை.

"திரும்புவமோ?" என்றாள்.

"திரும்பினாலும் ஏழு. போனால் பத்துத்தானே."

1.20க்குப் பாதை ஒரு தார் றோட்டைக் குறுக்கறுத்தது. பனி அள்ளும் வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். மூன்று மணிக்குப் பிறகு குடாப் பக்கமிருந்து கடும் பனிக்காற்று வருகிறது, ஏறுங்கள், கார் நிற்கும் இடத்தில் இறக்கிவிடுகிறேன் என்றார். சுகந்தி வாயைத் திறக்க முதல் நான், "நன்றி, நாங்கள் சமாளிப்போம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். வண்டி போய்விட்டது.

2.50க்கே காற்று வந்தது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. இந்தப் பாதைக்கு வழிகாட்டி, மரங்களில் அடித்திருக்கும் வெள்ளைக் கோடுகள்தான். மரங்களிலேயே பனி அப்பிக்கொண்டால் கோட்டை எங்கே தேடுவது? என் தொலைபேசி குளிரில் அணைந்துவிட்டது. அவளுடையதில் சிக்னல் இல்லை.

3.30 இருக்கும். பின்னால் சத்தம் இல்லை. திரும்பினேன். சுகந்தி கையுறையைக் கழற்றிவிட்டு மரத்தடியில் இருந்தாள். அதுவரை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்தவளின் நடுக்கம் நின்றிருந்தது.

"எனக்குக் குளிரேல்லை, வனஜா. கொஞ்சம் இருப்பம்." சொற்கள் குழறின.

குளிரில் விறைத்தவருக்கு நடுக்கம் நிற்பது, உடல் தோற்கத் தொடங்கியதன் அடையாளமென்று எனக்குச் சொல்லித் தந்தவளே அவள்தான். கையுறையைத் திரும்ப மாட்டிவிட்டு, என் உள் ஜக்கெற்றைக் கழற்றி அவளுக்குப் போட்டேன். குடுவையில் மிஞ்சியிருந்த பால் விடாத, சீனி போட்ட பிளேன்ரீயை மிடறு மிடறாகப் பருக்கினேன்.

"எழும்பும். என்னை ஏசிக்கொண்டு வாரும்."

"என்ன?"

"ஏசும். வாய் மூடக் கூடாது."

"நீர்... ஒரு... பிடிவாதக்காரி."

"ஓம். பிறகு?"

ஒரு கோட்டைக் கண்டால் அந்த மரத்தில் அவளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, அடுத்த மரங்களைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். அவள் குரல் கேட்கும் தூரத்துக்கு அப்பால் போகவில்லை. கோடு அகப்பட்டதும் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போவேன். ஒரு தடவை ஏழு மரம் துடைத்தும் ஒன்றும் இல்லை. எட்டாவதில் விரலளவு வெள்ளைப் பூச்சு தெரிந்தபோது அழுதுவிட்டேன்.

ஐந்து மணியளவில் அவளுடைய ஏச்சில் சொற்கள் தெளியத் தொடங்கின. "உம்மோடை எப்பிடித்தான் உம்மடை மனிசன் காலம் தள்ளுறாரோ!" அதைப்போல இனிமையான வார்த்தையை நான் கேட்டதில்லை. 5.40க்கு என் கார் தெரிந்தது.

கொலிங்வுட் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுகந்தியின் இடது காலில் இரண்டு விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. தோல் உரியும், விரல்கள் தப்பும் என்றார் வைத்தியர். அவர் போனபின் சுகந்தி மேல்கூரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"அந்த மனுசன் ஏறச் சொல்லேக்கை, என்னை ஏன் ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"கேட்டால் நீர் ஏறுவம் எண்டு சொல்லுவீர். அதுதான்."

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், ஆஸ்பத்திரித் தொலைபேசியில் நான் சொல்லியிருந்த அவளுடைய கணவர் வந்தார். நான் எழுந்து நின்றேன். "அக்கா, நீங்கள் சாப்பிட்டியளோ?" என்று மட்டும் கேட்டார்.

தனியே தெற்கே ஓட்டிவந்தேன். மில்லிக்கனிலும் அன்று பனிதான். ஆனால் இங்கே குளிர் என்பது காருக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையில் பத்து அடி. அதற்குள் யாருக்கும் பெரிய பிழை விட இடமில்லை.

நாங்கள் நடந்து முடித்த பாதைத் துண்டுகளுக்குச் சிவப்புக் கோடு போடும் வரைபடம் சுகந்தி வீட்டுச் சுவரில் இருக்கிறது. இந்தப் பதினேழு கிலோமீற்றருக்குக் கோடு போட்டாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை.