கந்தர்வக்கோட்டையில் நின்றுபோகாத கார்

என் அம்மா மரகதம் கல்யாணத்துக்கு முன் கார் ரேலி ஓட்டியவர். எங்கள் பக்கம் பெண்கள் ஸ்டீயரிங் பிடிப்பதே அதிசயமாக இருந்த காலம் அது. தஞ்சாவூரில் தொடங்கிக் கோட்டைப்பட்டினத்தில் முடிந்த ஒரு ரேலியைப் பற்றிப் பெரிய மாமா அடிக்கடி சொல்வார்: “கந்தர்வக்கோட்டையிலயே கார் நின்னுபோச்சு. பாதியில திரும்பிட்டா.” அப்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அவர் இறந்த மறு வருடம், தை மாதத்தில், கந்தர்வக்கோட்டையிலிருந்து அந்தப் பாதையை நானே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். வயது ஐம்பத்தாறு, லைசென்ஸ் எடுத்து இரண்டே வருடம்.

காலை 6.30க்குப் புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர், 27 கி.மீ. அந்த ரேலியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன ஸ்டெல்லா டீச்சர் அங்கேதான் இருக்கிறார். எண்பத்தெட்டு வயது. விவரம் கேட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அவரோ செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

“உக்காந்து சொன்னா வெளங்காது. வண்டிய எடு.”

வந்த வழியே புதுக்கோட்டைக்குத் திரும்பி, அங்கிருந்து கந்தர்வக்கோட்டை. மொத்தம் 57 கி.மீ. 9.15க்கு, முந்திரித் தோப்பு ஒன்றைத் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். அங்கேதான் ரேடியேட்டர் குழாய் வெடித்ததாம். ஜீப்பில் வந்த ரேலி அதிகாரி, “எறங்கிக்கங்கம்மா, பொம்பளைகளுக்குன்னு ஒரு பரிசு எப்படியும் உண்டு” என்றிருக்கிறார்.

“அதுலதான் ஒங்கம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. சைக்கிள் கடையில பழைய ட்யூப வாங்கி இறுக்கிக் கட்டுனா. வழியெல்லாம் கம்மாய் கம்மாயா நிறுத்தித் தண்ணி ஊத்துனோம். பதினோரு தடவ.”

“அப்ப திரும்பலையா டீச்சர்?”

“கோட்டைப்பட்டினம் போய்ச் சேந்தோம்த்தா. ஆனா நேரம் குறிக்கிறவங்க சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மீன் காயப்போட்ட பொம்பளைக மட்டுந்தான் பாத்தாங்க. முடிக்கலைன்னு எழுதிட்டாங்க.”

“வீட்டுல சொல்லலையா?”

“அவ சொன்னா, நானும் வந்து சொன்னேன். கூட்டாளிக்குப் பரிஞ்சு பேசுறேன்னுட்டாங்க. அதுக்கப்பறம் ஒங்க தாத்தா கார் சாவிய அவ கையில குடுக்கவே இல்ல.”

மறுபடி வண்டியை எடுத்தேன். அறந்தாங்கி தாண்டி ஒரு லாரி என்னை ஓரத்து மண்ணில் இறக்கிவிட்டது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். “இங்கேயே போதுமா டீச்சர்?” என்றேன். அவர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“முன்னால சோத்துக்கைப் பக்கம் ஒரு வளைவு. அங்கிட்டு நேரா. போ.”

போனேன். கந்தர்வக்கோட்டையிலிருந்து 98 கி.மீ. முடித்துக் கோட்டைப்பட்டினம் கரையில் நின்றபோது 12.20. விசைப்படகுகள் முன்னால் டீச்சரைப் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: “அம்மா இங்கே வந்து சேர்ந்தார். சாட்சி இவர்.” பெரிய மாமா பார்த்ததற்கு நீலக்குறி விழுந்தது. அம்மா உயிரோடு இருந்தபோதே கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் மட்டும் எனக்குப் போகவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: டீச்சரை இலுப்பூரில் விட்டுப் புதுக்கோட்டை திரும்பியதையும் சேர்த்து 304 கி.மீ., பெட்ரோல் 1,950 ரூபாய். சாப்பாட்டுக்கு அறந்தாங்கியில் நிறுத்துங்கள், அப்புறம் கடைகள் குறைவு. கிளம்புமுன் வீட்டில் தகவல் சொல்லுங்கள். அனுமதி கேட்காதீர்கள்.