இரண்டு சில்லு போதுமா?

கண்டியில் நடந்த பாடசாலை ரோபோ போட்டியில், களத்தில் இறங்கும் ரோபோக்களைப் பரிசோதிப்பது என் வேலை. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து மூன்று மாணவிகளோடு ஒரு விஞ்ஞான ஆசிரியை வந்திருந்தார். மெலிந்த உருவம், பஸ்ஸில் கசங்கிய சேலை. ரோபோவின் சில்லுகளை, அந்தச் சின்னச் சக்கரங்களை, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலு சில்லுக்கும் மோட்டார் வேணும்னு இவங்கள்ல ஒருத்தி சொன்னா சார். கெடச்சது ரெண்டு மோட்டார்தான். பின்சில்லு ரெண்டுக்கும் போட்டோம். களத்துல இருக்கிற மேட்டுல ஏறிடும்தானே?"

ஏறாது என்று பார்த்ததுமே தெரிந்தது. மாற்ற அவர்களிடம் வேறு மோட்டார் இல்லை. ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை.

"அதை நான் சொல்லக் கூடாது டீச்சர்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாணவிகளிடம் போய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

முறை வந்தபோது, ரோபோ மூன்று தடவையும் பாதி மேட்டிலிருந்து வழுக்கி இறங்கியது. கடைசித் தடவை மாணவிகள் அழுதுவிட்டார்கள்.

புறப்படும்போது அவர் என்னிடம் வந்தார். "ஏறாதுன்னு உங்க மொகத்துலயே தெரிஞ்சிருச்சு சார். பிள்ளைங்ககிட்ட நான் சொல்லல. ரெண்டு மணித்தியாலமாவது சந்தோஷமா இருந்தாங்க."

தான் செய்தது சரிதானா என்று கேட்பதுபோல் நின்றார்.