வெறும் தழும்பு

தம்பிக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து பெரியவருக்குக் காதில் புகை. பட்டறையில் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும்தான் கூப்பிடுவார்கள். நோயில் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். பெரியவருக்கு இருந்தது, வயிறு பற்றி எரிந்தது.

பின்னே என்ன? அவருடைய நுரையீரலில் தழும்பு என்று டாக்டர் சொல்லி எத்தனையோ மாதமாகிறது. மாடி ஏறினால் நாக்குத் தள்ளுகிறது. யாராவது எட்டிப் பார்த்தார்களா? சின்னவருக்கென்றால் வீட்டில் ஜன்னலோரக் கட்டில், ஆள் மாற்றி ஆள், கூடை கூடையாக ஆரஞ்சு. பெரியவரின் சொந்த மனைவியே சூப்பை முதலில் கொழுந்தனுக்குத்தான் கொண்டுபோனாள்.

“எனக்கும் நெஞ்சுதானே?” என்று கேட்டேவிட்டார்.

“உங்களுக்கு வெறும் தழும்புங்க. அவருக்கு வந்திருக்கறது என்னன்னு தெரியுமில்ல?”

வெறும் தழும்பாம்! இதிலும் தம்பி ஒரு படி மேலே போய்விட்டான்.

இருவரும் ஒன்றாகக் கிரானைட் அறுத்தவர்கள். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது. ஆனால் பென்சில் கோடு அழிந்து அறுப்பு கோணிவிடும். அதனால் பெரியவர் குழாயை மூடிவிட்டுத்தான் மெஷினைப் போடுவார். எதிரே நின்று, கோட்டில் படியும் தூசியை வாயால் ஊதிக்கொண்டே இருப்பது சின்னவர் வேலை. அறுப்பு நூல் பிடித்தாற்போல் இருக்கும். பெயரெல்லாம் பெரியவருக்கு.

தம்பிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் டாக்டரம்மா அவரையும் உட்கார வைத்தார்.

“உங்க தம்பிக்கும் முதல்ல தழும்புதான். காயத்தை ஆத்தறதுக்கு உடம்பு சில மூலக்கூறுகளை அனுப்பும். தூசி உள்ளேயே கிடக்கறதால அது நிக்கறதே இல்ல, தழும்பு மேல தழும்பு. பக்கத்துல கெட்டுப்போன செல் இருந்தா, அதே மூலக்கூறுகள் அதையும் வளர்த்து விட்டுடும். எல்லாருக்கும் அப்படி ஆகாது. இருந்தாலும் உங்களுக்கும் ஸ்கேன் எடுத்துடலாம்.”

ஸ்கேன் முடிவு வரும்வரை பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலைத் திரும்பிப் பார்க்கவே பயந்தார்.

“கட்டி எதுவும் இல்ல. தழும்பு மட்டும்தான்,” என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் சின்னவர் காத்திருந்தார். “என்னண்ணே சொன்னாங்க?”

“வெறும் தழும்புதானாம்டா.”

சின்னவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அவர் அண்ணனைப் பார்த்த அந்தப் பார்வை பெரியவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் தன்னுடைய கண்ணில் இருந்ததுதான்.

“பேர் வாங்கினது நீ,” என்றார் தம்பி. “ஊதினது நான்.”