விளையாட்டில் இல்லாத உப்பு

எங்கள் விளையாட்டில் உப்பு கிடையாது. கல் உண்டு, மரம் உண்டு, மணல் உண்டு, எரிமலைக் குழம்புகூட உண்டு. கட்டைகளை அடுக்கி எந்த ஊரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அந்த ஆன்லைன் விளையாட்டின் பெருமை. ஆனால் தூத்துக்குடியைக் கட்ட உட்கார்ந்தால் உப்புக்கு எங்கே போவது? பனிக்கட்டைகளை எடுத்து அம்பாரமாகக் குவித்தவள் பார்ட்னர். "வெள்ளையாத்தானே இருக்கு, யாரு நக்கிப் பாக்கப் போறா?" என்று ஹெட்போனில் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன் என்று இப்போது தெரிகிறது.

விளையாட்டுக்குள் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. நான் பார்ட்னர் என்றே கூப்பிட்டேன். பல ஊர்க்காரர்கள் ஆடும் ஒரு குழுவில், "அங்கன ஒருத்தன் வாரான், பாத்துக்கோங்க" என்று நான் கத்தப்போய், "நீங்க தூத்துக்குடியா?" என்று அவள் கேட்டாள். அவளுக்கு ஊர் பக்கத்திலிருக்கும் மாப்பிள்ளையூரணி. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் இருக்கிறேன். பிறகென்ன, இருவரும் சேர்ந்து ஊரைக் கட்டத் தொடங்கினோம். கிரேன்கள் என் பொறுப்பு, உப்புப் பாத்திகள் அவள் பொறுப்பு. மழைக்கு முன்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடுவார்கள் இல்லையா, அதற்குப் பழுப்புப் பலகை வைத்துப் பாதி மூடியதும் அவள்தான். நேரில் பார்க்கத் தொடங்கிய பிறகும், கடற்கரையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை ஜன்னல் என்று சண்டை போட்டிருக்கிறோம். அப்படி ஒரு சண்டைக்கு நடுவில்தான் கல்யாணப் பேச்சை எடுத்தேன். "ஏலே, கொஞ்சம் பொறு. உப்பு வாரி முடியட்டும், அப்பாட்ட பேசுதேன்" என்றாள். நம்பினேன். உப்பளத்து வீட்டில் அது நியாயமான தவணைதான்.

மழைக்காலம் வந்தது. அவள் விளையாட வருவது குறைந்தது. கேட்டால் வேலை என்பாள். நானும் தோண்டித் துருவாமல், தனியாக உட்கார்ந்து எங்கள் ஊருக்கு ரயில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தேன். முட்டாள் என்றால் அப்படி ஒரு முட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே போனைத் தள்ளினால், அவளுடைய யூடியூப் சேனலில் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எங்கள் ஊர். அவள் பக்கத்தில் ஒருவர். நிச்சயம் ஆகிவிட்டதாம், இருவரும் சேர்ந்து கட்டிய ஊராம். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். என் கிரேன்களைக் காட்டினார், என் தண்டவாளத்தைக் காட்டினார். அதுவரைக்கும்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அம்பாரத்துக்கு முன்னால் வந்து நின்று, "தூத்துக்குடில பனி பெஞ்சா எப்படி இருக்கும்னு ஒரு கற்பனைங்க. இங்க பாருங்க, பனில பாதி புதைஞ்ச மரவீடு" என்றார். நான் சோற்றுக் கையோடு அவள் முகத்தையே பார்த்தேன். அவள் அப்பாவின் காலைத் தின்ற உப்பு அது. இதையாவது திருத்திவிடுவாள் என்று இருந்தேன்.

"ஆமாங்க, இவங்க ஐடியாதான்" என்றாள்.

இன்றைக்கும் வேலைக்குப் போகிற வழியில் அம்பாரங்கள் வந்தால் வண்டியை முறுக்கிக் கடந்துவிடுகிறேன். வேறொருவரைப் பிடித்துப்போனதை மன்னித்துவிடலாம். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு ஒதுங்கியிருப்பேன். நான் இருந்ததையே இல்லாமல் ஆக்கினாளே, அதுதான் ஆறவில்லை.

அன்று கை கழுவிவிட்டு வந்து, லைவுக்குக் கீழே எழுதினேன்: "அது பனி இல்லை, உப்பு. குவித்தது யார் என்று பார்ட்னருக்குத் தெரியும்." அவர் அதைச் சத்தமாகவே வாசித்துவிட்டு, "யாருங்க இது?" என்று அவளைப் பார்த்தார். அவளும் குனிந்து என் பெயரைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"தெரியலீங்க. யாரோ எங்க ஊர் அண்ணாச்சி" என்றாள். "சும்மா விளையாடுறாரு."