நான் ஒளித்து வைத்த கைகள்

1. பன்னிரண்டு படம்

ஒகேனக்கல் பரிசல் துறைக்குப் படம் வரைந்து தர முடியுமா என்று போனில் கேட்டார்கள். என்ன படம் என்று கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டேன். அன்று என்ன புத்தியோ தெரியவில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது.

லைஃப் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பது. கிளிப்பை மாட்டுவது. வாரை இழுத்து இறுக்குவது. குழந்தைக்குக் காலிடுக்கு வழியாக வாரைக் கொண்டுவந்து மாட்டுவது. பரிசல்காரர் கையைப் பிடித்து ஏறுவது. பரிசலின் விளிம்பை உள்பக்கமாகப் பிடித்துக்கொண்டு உட்காருவது. இப்படிப் பன்னிரண்டு படம். பன்னிரண்டிலும் கை.

கை இல்லாத படம் ஒன்றாவது இருக்கிறதா என்று பட்டியலை மறுபடி தேடினேன். காரணம் இதுதான். அப்போது நான் படம் வரைந்தே இருபத்தெட்டு வருஷம் பிழைத்திருந்தேன். தருமபுரியிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கக் கார்ட்டூன் என்னுடையது. உள்ளே வரும் கதைகளுக்கும் நான்தான் படம். என் முழுப் பெயர் ஃபிலோமினா. படத்தின் மூலையில் 'மினா' என்று இருக்கும். இந்த இருபத்தெட்டு வருஷத்தில் நான் வரைந்த ஒரு கைகூட அச்சில் வந்ததில்லை. எனக்குக் கை வரைய வராது. இந்த விஷயம் என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும்.

2. இஞ்சி

பத்திரிகை ஆபீசுக்கு நான் முதலில் போன நாளிலேயே இது ஆரம்பித்துவிட்டது. ஏரியூர்ப் பக்கம் எங்கள் காடு, வீடு எல்லாம். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, பைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஆசிரியர் நடேசன் சார் மேஜை மேல் என் படத்தை வைத்துப் பார்த்தார். ஒரு விவசாயி அதிகாரியிடம் மனுக் கொடுக்கிற கார்ட்டூன் அது.

"ஏம்மா, இந்த ஆளு எதுக்குக் கையில இஞ்சி வெச்சிருக்காரு?"

"இஞ்சி இல்லீங்க சார். அதுதாங்க கை."

"கையா! ஆறு வெரல் இருக்குதேம்மா!"

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான் இருந்தது. பின்னால் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். நடேசன் சார் கெட்ட மனுஷர் இல்லை. "முகமெல்லாம் நல்லாருக்குது. கைய மட்டும் சரி பண்ணி நாளைக்குக் கொண்டா" என்று அனுப்பினார். ஆனால் எனக்கு ரோஷம் ஜாஸ்தி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அழுகை அழுகையாக வந்தது.

வீட்டில் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். சுண்டு விரலில் ஆரம்பித்து வரிசையாக வருவேன். பெருவிரலுக்கு வரும்போது இடமே இருக்காது. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. கடைசியில் ஆத்திரத்தில் விவசாயியின் கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். மனு துண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதிகாரியின் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான், பத்து நிமிஷத்தில் படம் முடிந்தது.

மறுநாள் நடேசன் சார் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அட! குடுக்கறவன் கையும் தெரியல, வாங்கறவன் கையும் தெரியல. பிரமாதம்மா. இதான் உன் ஸ்டைல். உட்றாத."

நான் ஏன் விடப்போகிறேன்? கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

3. முழுப் பூசணிக்காய்

அதற்குப் பிறகு என் ஆட்கள் யாரும் கையை வெளியே காட்டவில்லை. ஆண்களுக்குத் துண்டு, சட்டைப் பை, மஞ்சள் பை, முதுகு. பெண்களுக்கு முந்தானை, முறம், பக்கெட், குழந்தையைச் சுற்றிய துணி. ஒரு தொடர்கதையில் தாலி கட்டும் காட்சி வந்தது. கை இல்லாமல் எப்படித் தாலி கட்டுவது? மேளக்காரர்களின் முதுகை வரிசையாக வரைந்து கொடுத்தேன். "வித்தியாசமான கோணம்" என்று வாசகர் கடிதம் வந்தது. எங்கள் கோயில் திருவிழா மலருக்கு அந்தோணியார் படம் கேட்டார்கள். அவர் கையில் குழந்தை இயேசு இருந்தாக வேண்டும். காய்ச்சல் என்று சொல்லி ஒரு வாரம் படுத்துக்கொண்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மறைத்தேன், ஊரும் நம்பியது. ஒரு நூலக விழாவில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், அதிகாரத்தின் கைகள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதைத்தான் மினா இத்தனை வருஷமாகக் கோட்டில் சொல்லி வருகிறார் என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அதைவிட மோசம், போகப் போக நானே அதை நம்ப ஆரம்பித்ததுதான். "நீங்க ஏங்க கையே போடறதில்ல?" என்று யாராவது கேட்டால், "கை அனாவசியமான விவரம்" என்று மூக்கை உயர்த்திக்கொண்டு சொல்வேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அது சாட்சாத் நான்தான். வீட்டுக்காரர் மட்டும் சும்மா இருக்க மாட்டார். "வூட்ல என் கை ரெண்டு, உன் கை ஒண்ணு சும்மாதான கெடக்குது, பாத்துப் போட்டா என்ன?" என்பார். அவரிடம் எரிந்து விழுவேன்.

பாராட்டு ஏற ஏறப் பயமும் ஏறியது. கையோடு படம் போட்டால் அது மினா படம் இல்லை, கடைசிப் பக்கம் போய்விடும். கை வரையச் சொல்லி யாராவது உட்கார வைத்தால் குட்டு உடைந்து மானம் போய்விடும். இரண்டு பக்கமும் அடி. எந்த வேலை வந்தாலும் முதலில் அதில் கை இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பரிசல் துறை வேலையில் மட்டும்தான் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டேன்.

4. மாதையனின் கேள்வி

என் புத்தி லேசில் திருந்துமா? அந்தப் பன்னிரண்டில் முதல் நான்கை என் வழக்கப்படியே வரைந்தேன். படத்தில் எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டை ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டார்கள். கை ஜாக்கெட்டுக்குள் இருக்கிறது. பென்சிலில் போட்ட அந்த ரஃப்பை எடுத்துக்கொண்டு ஒகேனக்கல் பஸ் ஏறினேன்.

அங்கே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி கவிதா மேடம். என்னைவிட வயதில் ரொம்பச் சிறியவர். தாள்களைப் புரட்டிவிட்டு, கரையில் நின்ற ஒரு பரிசல்காரரைக் கூப்பிட்டார். பேர் மாதையன். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும்.

மாதையன் நான்கையும் தரையில் பரப்பி வைத்துக் குனிந்து பார்த்தார்.

"ஏங்க்கா, இவுங்க கையெல்லாம் எங்க போச்சு?"

"ஜாக்கெட்டுக்குள்ள இருக்குதுங்க."

"உள்ள வெச்சிக்கிட்டு எப்படிக்கா பரிசல்ல ஏறுவாங்க? குப்புற இல்ல உழுவாங்க?"

கவிதா மேடம் என்னைப் பார்த்தார். நான் இருபத்தெட்டு வருஷப் பாடத்தை ஒப்பித்தேன். "அது என் ஸ்டைலுங்க."

"ஸ்டைலெல்லாம் சரிதாங்க்கா," என்றார் மாதையன். குரலில் கிண்டல் இல்லை. "போன மாசம் ஒரு பொண்ணு விளிம்புக்கு வெளிய வெரல வெச்சிக்கிட்டு வந்துச்சு. உள்ள எடு, உள்ள எடுன்னு நானும் கத்தறேன். தண்ணிச் சத்தத்துல அதுக்குக் கேக்கல. பாறையில ஒரே மோது. மூணு வெரலு நசுங்கிப் போச்சு. அதுக்கப்புறந்தான் நாங்கெல்லாம் போயி மேடத்துக்கிட்ட, படமாப் போட்டு வெச்சிடுங்க, எந்த ஊருக்காரனா இருந்தாலும் பாத்துக்குவான்னு கேட்டோம்."

எனக்கு உடம்பு கூசிப் போய்விட்டது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அந்தப் பெண்ணின் விரலுக்காகக் கேட்ட படத்தில் விரலை மறைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். என் மானம் போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம்தான் தோன்றியது.

"எனக்குக் கை வரைய வராதுங்க," என்றேன். "எப்பவுமே வராது. மறைச்சு மறைச்சுப் போட்டே காலத்த ஓட்டிட்டேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வானம் இடிந்து விழும் என்று நினைத்தேன். கவிதா மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரிங்கம்மா. அப்ப நான் வேற ஆள் பாக்கவா, இல்ல நீங்களே ட்ரை பண்றீங்களா?"

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் மாதையன் பரிசலுக்குள் ஏறி உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துவிட்டார்.

"வராட்டிப் போவுது வுடுங்க்கா. இந்தா இருக்குது கை. பாத்துப் போடுங்க. எனக்கு ரெண்டு மணிக்குத்தான் சவாரி."

கரையில் உட்கார்ந்து வரைந்தேன். சுண்டு விரலில் ஆரம்பித்தேன். பழையபடி இஞ்சி. மாதையன் எட்டிப் பார்த்து, "எங்கூட்டு மாடு மிதிச்ச கையி மாதிரி இருக்குதுங்க்கா" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேலிக்கு முன்பானால் நான்கு நாள் சோறு இறங்கியிருக்காது.

கையை மொத்தமாக அழித்தேன். தாளில் பரிசலின் விளிம்பு மட்டும் மிஞ்சியது. அந்த வெறும் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. நான் எப்போதும் கையைத் தனியாக வரையப் பார்த்திருக்கிறேன். கை எங்கே தனியாக இருக்கிறது? எதையாவது பிடித்துக்கொண்டுதானே இருக்கிறது? முதலில் மூங்கில் விளிம்பின் தடிமனை ஒழுங்காக வரைந்தேன். அதன் மேல் பெருவிரல். பிறகு நான்கு விரலையும் ஒரே கட்டியாக உள்பக்கம் வளைத்தேன். கட்டிக்குள் மூன்று சின்னக் கோடு இழுத்தேன். தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். கை பிடித்துக்கொண்டிருந்தது.

"இது கையி," என்றார் மாதையன்.

கிளிப்புக்கும் அதேதான் செய்தேன். முதலில் கிளிப்பை வரைந்தேன், பிறகு அதை அழுத்தும் விரலை. வார் என்றால் முதலில் வார். மாதையன் சவாரிக்குப் போனதும் அடுத்தடுத்து வந்த பரிசல்காரர்களைப் பிடித்து உட்கார வைத்தேன். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் பன்னிரண்டுக்கும் ரஃப் முடிந்தது. அழகான கைகள் என்று சொல்ல மாட்டேன். விரல் குட்டை, பெருவிரல் ஒரு சுற்றுப் பெரிது. ஆனால் எது எதைப் பிடிக்கிறது என்று யாருக்கும் விளங்கும்.

5. பரீட்சை

இங்க் போட்டுக் கொடுத்த படங்களைக் கவிதா மேடம் உடனே போர்டாக அடிக்கவில்லை. லேமினேட் செய்து, துறையில் சங்கிலியால் கட்டித் தொங்கவிட்டார். "யாரும் வாயில சொல்லக் கூடாது. படத்தப் பாத்து ஜனங்க என்ன செய்யறாங்கன்னு பாப்போம்" என்றார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் தூணோரம் நின்றுகொண்டேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை.

கர்நாடகப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. புருஷன், பெண்டாட்டி, நான்கு வயதுப் பெண் குழந்தை. அந்த அம்மாள் ஜாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்தார். எனக்கு உயிரே போனது. படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பினார். கிளிப்பை மாட்டினார். குழந்தையின் ஜாக்கெட்டில் தொங்கிய வாரை எடுத்து யோசித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். குழந்தையின் காலிடுக்கு வழியாகக் கொண்டுவந்து மாட்டி, என் படத்தில் இருந்தபடியே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

பரிசலில் உட்கார்ந்ததும் விளிம்பைக் காட்டி மாதையனிடம், "ஹீகா?" என்றார், இப்படியா என்று.

"ஹௌது, ஹௌது" என்று தலையாட்டினார் மாதையன்.

மூன்று பேரின் விரல்களும் உள்ளே இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணினேன். பரிசல் நகர்ந்ததும் படியிலேயே உட்கார்ந்து, அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"போர்டு கீழ உங்க பேர் போட்றலாமாம்மா?" என்று கேட்டார் கவிதா மேடம்.

"வேணவே வேணாங்க மேடம்," என்றேன். நடேசன் சார் கண்ணில் பட்டால் கடைசிப் பக்கம் என்ன ஆவது? பாதி பயம் போயிருந்தது. பாதி இன்னும் இருந்தது.

6. பேர் போடாத போர்டு

ஆடிப்பெருக்குக்கு நடேசன் சார் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. மறுநாள் காலை போன்.

"ஏம்மா மினா, பரிசல் துறை போர்டு நீ போட்டதுதான?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"எப்படிங்க சார் கண்டுபுடிச்சீங்க? பேரே போடலியே!"

"பேரு எதுக்கும்மா? அந்தப் பொம்பள ஒத்தக் கால்ல பாரத்தப் போட்டு, இடுப்பக் கோணிக்கிட்டு, பஸ் வருமா வராதான்னு நிக்கற மாதிரி நிக்குதே, அத வேற யாரு போடுவா? அவ புருஷன் மூக்கத் தூக்கிக்கிட்டுத் தண்ணியப் பாக்கறான் பாரு, தூரத்துலயே தெரிஞ்சிபோச்சு. எங்க வூட்லகூட 'நம்ம மினா படம்'னாங்க."

"கையப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். நல்லாத்தான இருக்குது. அதுக்கென்ன?"

அதுக்கென்னவாம்! இருபத்தெட்டு வருஷம் நான் தூக்கிச் சுமந்ததை அந்த மனுஷர் ஒரே வார்த்தையில் கீழே வைத்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். "ஸ்டைலும் இல்ல ஒண்ணும் இல்லீங்க சார். எனக்குக் கை வரல. பயந்துகிட்டு மறைச்சேன்."

நடேசன் சார் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"அடிப்பாவி! அந்த இஞ்சியப் பாத்தும் எனக்கு உறைக்கலியே! இதுக்கு எத்தன கூட்டத்துல நான் எந்திரிச்சு விளக்கம் சொல்லியிருக்கேன் தெரியுமா? அத்தனையும் போச்சா?"

"போச்சுங்க சார்."

"சரி, போவட்டும். இந்த வாரம் கைய வெச்சே அனுப்பு."

அனுப்பினேன். வந்தது. ஏன் கை வந்தது என்று ஒரு வாசகர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அன்று வீட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது படம் வரைகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, தனி ஸ்டைல் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. என் ஸ்டைல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் பயம். நிஜமாக இருந்தது எதுவோ, அது நான் கவனிக்காத இடத்தில், ஆட்கள் நிற்கிற நிற்பில், அதுபாட்டுக்கு இருந்திருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள், நீங்கள் தேட வேண்டாம். உங்களுக்கு எது வரவில்லையோ அதை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து வரையுங்கள்.

எனக்குக் கை வந்துவிட்டது. குதிரை இன்னும் வரவில்லை.